பத்தாவது நிமிடத்து வேகம்

மே 12, 2025 – திங்கள்

ஆய்வகத்துக்கு அறுபது லேப்டாப் வாங்க விலைப்புள்ளிகள் வந்துவிட்டன. முதல்வர் கோப்பை நேராக என் மேசைக்கே அனுப்பி, "எது தேறும்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க சார், மாசக் கடைசிக்குள்ள கமிட்டி கூடணும்" என்றார். இந்தத் தொகை மறுபடி எப்போது ஒதுக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது வாங்குவது ஐந்தாறு வருடமாவது உழைத்தாக வேண்டும்.

ஒரு விலைப்புள்ளியோடு வழவழத் தாளில் அச்சடித்த கையேடு ஒன்றையும் இணைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் நீலப் பட்டை ஒன்று தாளின் ஓரம்வரை ஓடுகிறது. அதன் கீழே சாம்பல் நிறப் பட்டை பாதியிலேயே நின்றுவிடுகிறது. நீலம் அவர்கள் விற்கும் பிராசசர். சாம்பலுக்குப் பெயர் 'போட்டி நிறுவனம்'. எந்த நிறுவனம், எந்த மாடல், எந்த வருடத்துச் சிப் என்று முன்பக்கத்தில் ஒரு சொல் இல்லை. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். நீளத்தில் நீலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பட்டைகளின் நுனியில் அச்சிட்ட எண்களைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் நடுவில் வெட்டித் தொடங்கியிருக்கிறார்கள். எண் சரி, படம் தப்பு.

கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். சாம்பல் பட்டைக்குரிய லேப்டாப் இரண்டு தலைமுறை பழையது. அதில் ஒற்றை 8 ஜிபி ரேம். நீலத்தில் 16 ஜிபி, இரண்டு சேனலில். இரண்டும் எத்தனை வாட் மின்சாரத்தில் ஓடின என்பது எங்குமே இல்லை. 'முடிவுகள் மாறுபடலாம்' என்று முடித்துவிட்டார்கள்.

இயந்திரத்தைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்க்காமல் குறிப்பு எழுதுவதாக இல்லை. டெமோ பீஸ் கேட்டு எல்லோருக்கும் மெயில் போட்டாயிற்று.

மே 14 – புதன்

டெமோ பீஸ்கள் மூன்றும் வந்துவிட்டன. அவற்றில் இரண்டு வெவ்வேறு கம்பெனி, உள்ளே ஒரே பிராசசர். ஸ்டிக்கரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒன்று ஒல்லி, பார்வைக்கு அழகு, ஒற்றை ஃபேன். இன்னொன்று கொஞ்சம் தடிமன், இரண்டு ஃபேன். கையேட்டுக் கணக்கின்படி இரண்டும் ஒரே வேகம்.

லேப் தம்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சினிபெஞ்ச் ஓட்டினோம். முப்பரிமாணக் காட்சி ஒன்றை எல்லாக் கோர்களையும் பயன்படுத்தி வரைய வைத்து, எவ்வளவு சீக்கிரம் வரைந்தது என்று பார்த்து ஸ்கோர் போடும் மென்பொருள் அது. விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர். அதன் பழைய பதிப்புகள் ஒரே சுற்றில் முடிந்துவிடும். 2020 நவம்பரில் வந்த ஆர்23 பதிப்பில், குறைந்தது பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓடிய பிறகு ஸ்கோர் சொல்வதை இயல்பாக வைத்தார்கள். அந்தத் துறையில் நடந்த உருப்படியான மாற்றங்களில் ஒன்றாக அதைச் சொல்வேன்.

முதலில் ஒற்றைச் சுற்று. இரண்டும் ஏறத்தாழ சமம். ஒல்லியானது ஒரு நூல் முந்தியது. பிறகு பத்து நிமிடச் சோதனை. திரையின் ஓரத்தில், பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம். தொடக்கத்தில் இரண்டுமே 50 வாட்டை ஒட்டி நின்றன. அரை நிமிடம் ஆகவில்லை, ஒல்லியானதில் எண் 40, 30, 20 என்று சரிந்து 15இல் உட்கார்ந்துகொண்டது. தடித்தது 28க்கு இறங்கி அங்கேயே நின்றது. பத்து நிமிடம் கழித்து வந்த ஸ்கோரில் ஒல்லியானது நான்கில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியிருந்தது. அடிப்பாகத்தைத் தொட்ட தம்பி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

இதில் ரகசியம் எதுவுமில்லை. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு மின்வரம்புகளை வெளியிடுகிறது. கோர் ஐ7-1255யு என்றால் அடிப்படை 15 வாட், உச்சம் 55 வாட். உச்சத்தில் எத்தனை விநாடி நிற்கலாம், அப்புறம் எந்த வாட்டில் நிலைக்கலாம் என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி தன்னுடைய ஃபேனையும் செப்புக் குழாயையும் பார்த்து முடிவுசெய்யலாம். ஏஎம்டி சிப்களிலும் இந்தச் சுதந்திரம் லேப்டாப் கம்பெனிக்கு உண்டு. ஆகவே பிராசசரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு லேப்டாப்பின் வேகத்தைச் சொல்ல முடியாது. இது சிப் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பட்டைக்குப் பக்கத்தில் பிராசசர் பெயரை மட்டும்தான் போடுகிறார்கள்.

அந்த முதல் அரை நிமிட வேகத்தை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். இணையப் பக்கம் திறப்பது, பெரிய எக்செல் கோப்பைத் திறப்பது எல்லாம் சில விநாடி வேலைகள். அங்கே உச்ச வாட்தான் கைகொடுக்கும். ஆனால் எங்கள் பையன்கள் செய்யப்போவது ஆட்டோகேட் வரைபடத்தை ரெண்டர் செய்வது, பெரிய புரோகிராமை கம்பைல் செய்வது, புராஜெக்ட் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வது. எல்லாம் நிமிடக்கணக்கு வேலை. அவர்களுக்குப் பத்தாவது நிமிடத்து வேகம்தான் வேகம்.

"பைக் மைலேஜ் மாதிரிதானா சார்? ஷோரூம்ல ஒண்ணு சொல்வான், ரோட்டுல ஒண்ணு குடுக்கும்" என்றார் தம்பி. அங்கேயாவது ஏஆர்ஏஐ போல ஓர் அமைப்பு எல்லா வண்டியையும் ஒரே முறையில் ஓட்டிப் பார்த்துச் சான்று தருகிறது. ரோட்டில் குறைந்தாலும் இரண்டு வண்டியை ஒப்பிட அந்த எண் உதவும். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொதுச் சான்று கிடையாது. விற்பவரே சோதிக்கிறார், விற்பவரே எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறார்.

மே 15 – வியாழன்

சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே சோதனை. ஓர் இயந்திரம் அசையவில்லை. இன்னொன்று, நேற்று நன்றாக ஓடியதுதான், பேட்டரியில் போட்டதும் துவண்டுவிட்டது. கையேட்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை. விடுதி அறையில் ஒரு பிளக் பாயிண்ட்டை நான்கு பேர் பங்குபோடும் பையனுக்கு இதைவிட முக்கியமான எண் எது?

2020 நவம்பரில் இன்டெல் இதையே பெரிய விவகாரமாக்கியது. ஏஎம்டியின் ரைசன் 4000 லேப்டாப்கள் சார்ஜரைக் கழற்றினால் 38 முதல் 48 சதவீதம் வேகம் இழக்கின்றன, பேட்டரியில் உச்ச வேகத்துக்குப் போகவே ஏழிலிருந்து பத்து விநாடி தயங்குகின்றன என்று பத்திரிகையாளர்களுக்கு விளக்கப்படங்கள் காட்டியது. சினிபெஞ்சில் அந்தத் தயக்கம் தெரியாது, ஏனென்றால் அது நீண்ட சோதனை. சின்னச் சின்ன அலுவலக வேலைகளைச் செய்து பார்க்கும் சோதனையில் தெரியும். இன்டெல் தனக்குச் சாதகமான சோதனைகளைத்தான் பொறுக்கி எடுத்தது. ஆனாலும் சொன்ன விஷயம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஒரு கம்பெனியின் பலவீனம் பெரும்பாலும் எதிர்க்கம்பெனியின் விளக்கப்படத்தில்தான் முழுதாக வெளிவருகிறது. எதிராளி சொல்கிறார் என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை நாம் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மே 17 – சனி

கத்திரி வெயில். ஏசி ஓடாத அறையில் மூன்று இயந்திரங்களையும் வைத்துப் பார்த்தோம். எல்லாமே இன்னும் கொஞ்சம் இறங்கின. எதிர்பார்த்ததுதான். உள்ளே இழுக்கிற காற்றே சூடு என்றால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் என்ன செய்யும்? மதுரையில் மே மாதத்தில் ஓடுகிற வேகம் கம்பெனி ஆய்வகத்தின் குளிரறை வேகமாக இருக்க முடியாது.

இன்றைக்கு வேறொன்று அகப்பட்டது. விற்பனையாளர் ஒருவரின் தாளில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்கிறது. தம்பி முதலில் டிரைவர் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். மாறவில்லை. அடிமூடியைத் திருகு கழற்றித் திறந்தோம். இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி, இன்னொன்று காலி. அலமாரியிலிருந்த இன்னொரு 8 ஜிபி ரேமைக் காலி ஸ்லாட்டில் அழுத்தி, மூடி, ஆன் செய்தோம். அதே சிப், அதே டிரைவர். இப்போது டாஸ்க் மேனேஜரில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் வந்தது.

இது இன்டெல் வகுத்த விதி. சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, கணினியின் ரேமைத்தான் அது பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேம் இரண்டு சேனலில் இருந்தால்தான் தரவு போதிய அகலத்தில் வரும், ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரும் கிடைக்கும். ஒற்றைச் சேனலில் பாதை பாதியாகிவிடும், பெயரும் போய்விடும். நேர்மையான விதி. அதைக் கடைத்தெருவில் யார் மதிக்கிறார்கள்? விளம்பரத்துச் சோதனை இரண்டு ரேமுடன் நடக்கிறது, விற்பனைக்கு வருவது ஒரு ரேமுடன். ஆட்டோகேட் முப்பரிமாண வரைபடத்தை அதே சிப்பில் ஒரு ரேமிலும் இரண்டு ரேமிலும் சுழற்றிப் பார்த்தோம். எது எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது ரேம் விலை அறுபது இயந்திரங்களுக்கும் சேர்த்துப் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும். பிராசசரில் ஒரு படி இறங்கியாவது ரேமை இரட்டையாக்கச் சொல்லப் போகிறேன்.

மே 18 – ஞாயிறு

பழைய விவகாரங்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். கமிட்டியில் 'இவ்வளவு பெரிய கம்பெனி அப்படியா சார் செய்யும்?' என்று யாராவது கேட்பார்கள். பதில் வேண்டும்.

2020 நவம்பர் 10. ஆப்பிள் தன் எம்1 சிப்பை அறிமுகப்படுத்தியது. கடந்த ஓராண்டில் விற்ற விண்டோஸ் வகை லேப்டாப்களில் 98 சதவீதத்தைவிட மேக்புக் ஏர் வேகமானது என்றார்கள். எந்த லேப்டாப்கள், எந்தச் சோதனை என்று மேடையில் பட்டியல் இல்லை. வளைகோட்டு வரைபடத்தில் எதிராளியின் பெயர் 'புதிய பிசி லேப்டாப் சிப்', அவ்வளவுதான். எனக்கு இதில் வருத்தம் அதிகம். ஏனென்றால் எம்1 உண்மையிலேயே அருமையான சிப். அடுத்த சில நாட்களில் சுதந்திரமாகச் சோதித்தவர்கள் எல்லோரும் வியந்து எழுதினார்கள். எண்களை வெளிப்படையாக வைத்திருந்தாலே ஜெயித்திருக்கும். பெயரில்லாத எதிராளி அதற்குத் தேவையே இல்லை. அந்தப் பழக்கம் வளர்ந்து 2022 மார்ச்சில் எம்1 அல்ட்ரா வந்தபோது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுக்கு இணை என்று ஒரு வரைபடம் காட்டும் அளவுக்குப் போனது. அது மேசைக் கணினிச் சிப் என்றாலும் உத்தி ஒன்றுதான். 3090க்கு உரிய கோடு அந்தக் கார்டு முழு மின்சாரம் இழுத்து எட்டும் உச்சம்வரை போகவில்லை, அதற்கு முன்பே அதை நிறுத்தியிருந்தார்கள். தி வெர்ஜ் இதழ் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபோது 3090 தெளிவாக முன்னால் நின்றது.

இன்டெல் பதிலடி கொடுத்தது 2021 பிப்ரவரியில். என் குறிப்பில் முதலிடம் இதற்குத்தான். வேகத்தை ஒப்பிட அவர்கள் எடுத்தது கோர் ஐ7-1185ஜி7 சிப்பும் எம்1 மேக்புக் புரோவும். நிறையச் சோதனைகளில் இன்டெல் முந்தியது. அடுத்தது பேட்டரி ஒப்பீடு. அங்கே இரண்டு பக்கமும் ஆள் மாறிவிட்டது! மேக்புக் புரோ இருந்த இடத்தில் சின்ன பேட்டரி கொண்ட மேக்புக் ஏர். 1185ஜி7 இருந்த இடத்தில் ஏசர் ஸ்விஃப்ட் 5, அதில் வேறு சிப், ஐ7-1165ஜி7. முடிவு: மேக்புக் ஏர் 10 மணி 12 நிமிடம், ஏசர் 10 மணி 6 நிமிடம். ஏறக்குறைய சமம் என்று காட்டியாயிற்று. மேக்புக் புரோவின் பேட்டரி 58.2 வாட்-அவர், ஏரின் பேட்டரி 49.9. வேகப் போட்டிக்கு வந்த இயந்திரங்களையே பேட்டரிக்கும் வைத்திருந்தால் என்ன வந்திருக்கும்? அதை அவர்கள் காட்டவில்லை. இரண்டு ஒப்பீட்டிலும் தனித்தனியாகப் பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் மனதில் ஒரே லேப்டாப் வேகத்திலும் ஜெயித்து பேட்டரியிலும் நின்றதாகப் பதிகிறது. அப்படி ஒரு லேப்டாப் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை.

மூன்றாவது 2023 டிசம்பர். இன்டெல் 'கோர் ட்ரூத்ஸ்' என்ற பெயரில் விளக்கப்படத் தொகுப்பு வெளியிட்டு, ஏஎம்டி பழைய சரக்கைப் புதுப் பெயரில் விற்கிறது என்றது. போலி மருந்து வியாபாரி படமெல்லாம் போட்டிருந்தார்கள். குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசையின் புதிய சிப் என்றுதான் தோன்றும். உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. எண்ணின் மூன்றாவது இலக்கம்தான் கட்டமைப்பைக் குறிக்கும் என்று ஏஎம்டி 2022இல் ஒரு விளக்கம் வெளியிட்டது. கடையில் நிற்கும் தகப்பனாருக்கு மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கத் தெரியுமா?

ஆனால் அதை நிரூபிக்க இன்டெல் போட்ட ஒப்பீட்டைப் பாருங்கள். எதிரில் நிறுத்தியது கோர் ஐ5-1335யு, 83 சதவீதம் கூடுதல் வேகம் என்றார்கள். அதில் பத்து கோர். 7520யுவில் நான்கு. விலைத் தட்டே வேறு. இன்னொருவரின் தவறான ஒப்பீட்டைக் கண்டிக்கும் பக்கத்திலேயே ஒரு தவறான ஒப்பீடு. சில நாட்களில் அந்தத் தொகுப்பை இன்டெல் எடுத்துவிட்டது. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், கோர் 7 150யு என்று புதுப் பெயரில் வந்த இன்டெல் சிப்பும் முந்தைய 13ஆம் தலைமுறைக் கட்டமைப்புதான். 2025 தொடக்கத்தில் வந்த ஏஎம்டியின் ரைசன் 200 வரிசை, பழைய 8000 வரிசையின் மறுபெயர். இதில் யார் பக்கமும் நிற்க எனக்கு மனமில்லை.

மே 20 – செவ்வாய்

தைபேயில் கம்ப்யூடெக்ஸ் கணினிக் கண்காட்சி இன்று தொடங்குகிறது. இனி ஒரு வாரம் பட்டைப்படங்களாகத்தான் வரும்.

விலைப்புள்ளிகளில் ஒன்று 'ஏஐ லேப்டாப்'. 40 டாப்ஸுக்கு மேல் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் கோபைலட் பிளஸ் பிசி என்ற பெயருக்கு 40 டாப்ஸ் என்று வரம்பு வைத்தது. அதிலிருந்து ஸ்னாப்டிராகன் 45, இன்டெல் 48, ஏஎம்டி 50 என்று ஏலம் போகிறது. டாப்ஸ் என்பது ஏஐ வேலைக்கென்று சிப்பில் வைத்திருக்கும் தனிப் பகுதி விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போட முடியும் என்ற ஏட்டளவு உச்சம். எந்தத் துல்லியத்தில் கணக்கிட்டது, ரேம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். எங்கள் பாடத்திட்டத்தில் அந்தத் தனிப் பகுதியைத் தொடுகிற மென்பொருள் ஒன்றுகூட இல்லை. அந்த விலைப்புள்ளியை ஓரம் வைத்துவிட்டேன்.

ஆனால் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டின் கதையைக் குறித்து வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் குவால்காம் அதை அறிவித்தபோது இரண்டு கோர் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும் என்று சொல்லி, தானே வடிவமைத்த மாதிரி இயந்திரத்தில், லினக்ஸில் ஓட்டிய கீக்பெஞ்ச் ஸ்கோரைப் பெருமையாகக் காட்டியது. கடைக்கு வந்தது 2024 ஜூன் 18. அப்போது எக்ஸ் எலைட் என்ற ஒரே பெயரில் பல சிப்கள். பல லேப்டாப்களில் இருந்த 78-100 மாடலுக்கு அந்த எகிறும் வசதியே கிடையாது, 3.4 கிகாஹெர்ட்ஸோடு சரி. பெட்டியில் எக்ஸ் எலைட் என்று மட்டும் பார்த்து வாங்கியவர் எட்டு மாதத்துக்கு முன் கேட்ட வேகம் அவர் பெட்டிக்குள் இல்லை. இத்தனைக்கும் அந்த லேப்டாப்கள் பேட்டரியில் நன்றாக உழைக்கின்றன, சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் பெரிதாக இறங்குவதில்லை. சொல்ல நல்லது இருந்தும் அதை முன்னால் வைக்காமல் இல்லாத எண்ணைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மே 21 – புதன்

சாப்பாட்டு வேளையில் இயந்திரவியல் துறைத் தோழரோடு வாக்குவாதம். "விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும். சோப்பு விக்கிறவன் சொல்றதெல்லாம் நம்புறமா? இதுக்குப் போய் ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றார்.

எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. சோப்பு விளம்பரத்தில் வருவது பாட்டு. பிராசசர் விளம்பரத்தில் வருவது அளவீடு. அளவீடு என்று சொல்லிக்கொண்டு வருவதால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள், கமிட்டி கையெழுத்துப் போடுகிறது. அளவீட்டின் பெயரால் செய்யும் தந்திரம் அளவீட்டின் மேலேயே நம்பிக்கை போகச் செய்துவிடும். இயந்திரவியல் ஆசிரியர் அதற்குக் கோபப்பட வேண்டாமா என்று கேட்டேன்.

இதற்குச் சட்டபூர்வமான விலையும் கொடுத்திருக்கிறார்கள். பென்டியம் 4 வந்த புதிதில், 2000-2001 காலத்தில், ஏஎம்டியின் அத்லானைவிட அது மேலாகத் தெரியும்படி இன்டெல் பெஞ்ச்மார்க்குகளை வளைத்ததாக அமெரிக்காவில் வாங்கியவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2014இல் சமரசமானது. தலைக்கு 15 டாலர். பதின்மூன்று வருடம் கழித்து! 2010இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டில், தன் கம்பைலர் மற்ற நிறுவனச் சிப்களுக்கு அதே அளவு உகப்பாக்கம் செய்யாமல் போகலாம் என்று மென்பொருள் எழுதுபவர்களுக்கு இன்டெல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் சிஸ்மார்க் சோதனையை உருவாக்கும் பாப்கோ அமைப்பிலிருந்து ஏஎம்டி, என்விடியா, வியா மூன்றும் வெளியேறின. 2024 பிப்ரவரியில், பெஞ்ச்மார்க் சோதனைகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பு இன்டெல் சர்வர் சிப்களின் 2,600க்கும் மேற்பட்ட ஸ்கோர்களில், ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே கம்பைலர் வளைக்கப்பட்டிருக்கிறது என்று குறிப்பு ஏற்றியது. அந்த அமைப்பில் கணினி, சிப் நிறுவனங்களே உறுப்பினர்களாக இருக்கின்றன. தங்களுக்குள்ளேயே விதி வைத்து, மீறினால் பகிரங்கமாகச் சொல்லும் துணிவு அங்கே இருக்கிறது. லேப்டாப் விளம்பரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

தோழர், "அப்ப யாரைத்தான் நம்புறது?" என்றார். நோட்புக்செக் போன்ற இடங்களைச் சொன்னேன். ஒரே சோதனையை வரிசையாக ஓட்டி, ஸ்கோர் எப்படி இறங்குகிறது என்று கோடு போட்டே காட்டுகிறார்கள், அதுவும் லேப்டாப் மாடல்வாரியாக. ஆனந்த்டெக்கையும் சொல்லியிருப்பேன். 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி தொடங்கியது, எண்களுக்குப் பின்னால் போய் விளக்கிய அரிய பத்திரிகை. 2024 ஆகஸ்ட் 30 அன்று மூடிவிட்டார்கள். சோதிப்பவர்கள் குறையக் குறைய விற்பவரின் குரல்தான் மிஞ்சும். எனக்கு அது பெரிய இழப்பு.

மே 23 – வெள்ளி

கையேடு கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி வந்திருந்தார். சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். மரியாதையாகப் பேசினார். முதல் பக்கத்தைக் காட்டி, சாம்பல் பட்டை எந்த லேப்டாப் என்று கேட்டேன்.

"ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றது சார். எங்களுக்கே தெரியாது."

"சரி தம்பி, நீங்க குடுக்கிற மாடல் தொடர்ந்து ஓடுனா எத்தனை வாட்ல நிக்கும்?"

யோசித்தார். யாருக்கோ போன் செய்தார். "பதினஞ்சு வாட் பிராசசர் சார்" என்றார்.

"அது சிப்போட கணக்கு. இந்த லேப்டாப்போட கணக்கு?"

மறுபடி போன். இந்த முறை வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல சார்" என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. விற்கச் சொன்ன தாளை விற்கிறார். தான் விற்கும் பொருளின் முக்கியமான எண்ணை விற்பவருக்கே சொல்லாமல் வைத்திருக்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம். எழுத்தில் பதில் வேண்டும் என்றேன். சாயங்காலத்துக்குள் மெயில் வந்தது. அதில் எண் இருந்தது. எழுத்தில் கேட்டால் கிடைக்கிறது.

மே 24 – சனி

குறிப்பை முடித்துவிட்டேன். பட்டைப்படம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. எந்த இயந்திரம், எத்தனை ரேம், எத்தனை வாட், அறையின் வெப்பம், சார்ஜருடனா இல்லையா, பத்து நிமிடத்துக்குப் பின் ஸ்கோர் என்று ஓர் அட்டவணை. பரிந்துரை: அந்தத் தடித்த லேப்டாப், இரண்டு 8 ஜிபி ரேமுடன்.

கையேட்டைப் பற்றித் தனியாக இந்திய விளம்பரத் தர மன்றத்துக்குப் புகார் எழுதினேன். ஒப்பீட்டு விளம்பரம் கூடாது என்று அவர்கள் விதி சொல்லவில்லை. எதை ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விளம்பரம் செய்பவருக்குச் செயற்கையான சாதகம் கிடைக்கும்படி ஒப்பிடும் பொருளைப் பொறுக்கக் கூடாது என்கிறது. இரண்டு தலைமுறை பழைய லேப்டாப்பை ஒற்றை ரேமுடன் எதிரில் நிறுத்தியது இதற்குள் நேராக வருகிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் பொறுப்புத்துறப்பு வாசகம் கண்ணில் படும்படி, விளம்பர வாசகத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை தண்டம் விதிக்கலாம். சட்டம் இருக்கிறது. லேப்டாப் விஷயத்தில் அதை யாராவது எடுத்துப் பேச வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை ஆய்வகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பையன்கள் சொந்த லேப்டாப் வாங்கும்போது உதவும்.

கொள்முதல் ஆணையின் நிபந்தனைகளில் இரண்டு வரி சேர்க்கக் கேட்டேன், முதல்வர் ஒப்புக்கொண்டார். ரேம் இரண்டு சேனலில் இருக்க வேண்டும். பத்து நிமிடத் தொடர் ஓட்டத்தின் முடிவில் பிராசசர் 28 வாட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும், வந்திறங்கும் பெட்டிகளில் நாங்கள் பொறுக்கும் எதிலும் அதைச் சோதித்துப் பார்ப்போம், தேறாதது திரும்பிப் போகும். மற்ற கல்லூரிகளும் தங்கள் டெண்டரில் இந்த இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்.